டொய்ங் சாரும் மலைக்குப் பின்னால் போன சூரியனும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த படைகள் அடிவாரத்தில் கூடாரம் போட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்ததாகச் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் போலப் பொறுமைசாலிகள் உலகத்தில் இல்லை என்றும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படையிலிருந்து ஒரு சிப்பாயைக் கூட்டிவந்து, எங்கள் டொய்ங் சார் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிற நேரத்தில் எதிரே உட்கார வைத்திருந்தால், கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியே ஓடியிருப்பான். நாங்கள் ஓடவில்லை. எங்களுக்குப் போக்கிடம் கிடையாது, அவரும் நாங்களும் ஒரே மாடியில் குடியிருந்தோம்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் மின்சார ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். டொய்ங் சார் அதே ஆபீஸில் லைன் இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளம் வாங்கும் அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும், மறுபடி உள்ளே போய்விடும். கிட்டாரின் தடித்த கம்பியை அவர் முதல் தட்டுத் தட்டும்போது எழும் சத்தம்தான் ஊர் அவருக்கு வைத்த பெயர். அவரே ஒரு நாள் போனில், "ஆமா, டொய்ங்தான் பேசறேன்" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன்.

செஞ்சியில் அதற்கு முன் கிட்டாரை யாரும் நேரில் பார்த்ததில்லை. பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த தேசத்துக்குக் கப்பல் ஏறியபோது, தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்றிருக்கிறார்கள். இவர் ஒரு நல்ல நாற்காலி வாங்கத்தான் போனார். நாற்காலிகள் எல்லாம் போய்விட்டன. வெறுங்கையோடு பஸ் ஏற மனசில்லாமல் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிட்டார் வந்த பிறகும் அறையில் உட்கார நாற்காலி இல்லை. அவர் மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்துதான் வாசிப்பார்.

வாசிப்பார் என்றா சொன்னேன்? அவசரப்பட்டுவிட்டேன்.

நாங்கள் குடியிருந்தது பஜாரில் ஓர் எண்ணெய்க் கடையின் மேல்மாடி. எதிரே மூலையில் டிரான்ஸ்பார்மர். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, கைகால் கழுவி, காற்றாட மொட்டை மாடியில் உட்காருவோம். உட்கார்ந்ததும் யாராவது ஒருவன் வாய் சும்மா இருக்காது.

"டொய்ங் சார், சும்மா எதுனா வாசிங்களேன்."

அவ்வளவுதான், அன்றைய சாயங்காலம் போச்சு. மற்ற ஊர்களில் கிட்டார் வைத்திருப்பவரிடம் இப்படிக் கேட்டால், கைக்கு வந்த ஒன்றை அவர் லேசாகத் தட்டிவிட்டுக் கீழே வைத்துவிடுவாராம். எங்கள் ஆளுக்கு அது கோர்ட்டு சம்மன் மாதிரி.

"சும்மா எப்பிடி சார் வாசிக்கிறது? இன்னா வேணும்னு சொல்லுங்க."

"எதுனாதான்."

"எதுனான்னா எது?"

இந்த விசாரணை முடிவதற்குள் கேட்டவனுக்குக் கேட்ட ஆசையே அற்றுப் போயிருக்கும். ஆனால் அவர் விடமாட்டார். போர்வைக்குள்ளிருந்து கிட்டாரை எடுத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, காதை டிரான்ஸ்பார்மர் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். எங்களுக்கு அது வெறும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். அவருக்கு அதுதான் சுருதிப் பெட்டி.

"மனுஷன் சுருதி காத்தாட்டம் மாறும் சார். இது மாறாது" என்பார். "கவர்மெண்டு சுருதி."

டொய்ங். முடுக்குவார். டொய்ங். தளர்த்துவார். டிரான்ஸ்பார்மரைப் பார்த்து முகம் சுளிப்பார், ஏதோ அதுதான் தப்பாகப் பாடுகிற மாதிரி. கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி வாங்கப் பட்டணம் போக வேண்டும். அதனால் ஒரு கம்பிக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் ஒயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டியிருந்தார். இன்னொன்று, சொல்லவே வெட்கம், பியூஸ் ஒயர். அது அடிக்கடி போகும். போகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்!

ஒரு வழியாகச் சுருதி சேர்ந்ததும் நிமிர்ந்து உட்காருவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அப்போது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த ஏதாவது ஒரு பாட்டின் ஆரம்பத்தை எடுப்பார். பொய் சொல்லக் கூடாது, அது நன்றாகவே இருக்கும். பாடுகிறவர் வாயைத் திறக்கிற இடம் வரைக்கும் போவார். அங்கே கையைத் தூக்கிவிடுவார்.

"அப்புறம்?" என்போம்.

"அவ்ளோதான்."

கிட்டாரைப் போர்வைக்குள் சுருட்டிவிடுவார். எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் எதையும் நேரத்தில் தொடங்கி நேரத்தில் முடிக்கிறவன், பஸ்ஸுக்கு அது வருவதற்கு வெகு முன்னாலேயே போய் நிற்கிற ஜாதி. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சண்டைக்கே போய்விட்டேன்.

"இன்னா சார் இது? எல்லாப் பாட்டுலயும் வாசப்படி வரைக்கும் இஸ்துக்கினு வந்து விட்டுடறீங்க. உள்ள எப்ப சார் போறது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க கேக்கறது பாட்டு இல்ல சார். ஆரம்பம்தான் கேக்கறீங்க. அது முடிஞ்சதும் பேச்சு ஆரம்பிச்சுடறீங்க. நான் கவனிச்சுக்கினுதான் இருக்கறேன். நாலு பேரு பேசிக்கினு இருக்கச் சொல்ல, மீதிய நான் யாருக்கு வாசிக்கிறது? அதான் மீதியக் கத்துக்கவே இல்ல."

அபாண்டம், நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் இரண்டு பேர் ரேஷன் அரிசியில் கல் அதிகமா நெல் அதிகமா என்று தொடங்கிவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அரிசியைப் பற்றி என் கருத்தைச் சொல்லப் போய்விட்டேன்.

மேல்மலையனூரில் அமாவாசைக்கு விளக்குப் போடுகிற டூட்டிக்குப் போனபோதும் கிட்டாரைக் கொண்டுபோனார். மத்தியானம் வேலை முடிந்து ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி சேர்க்க, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏதோ பெரிதாகத் தொடங்கப் போகிறது என்று சனங்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஒரு பம்பைக்காரர், தோலைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தவர், தம் வேலையை முடித்து, அடித்து ஆடிவிட்டுத் திரும்பிவந்து பார்த்தார். இவர் இன்னும் டொய்ங்.

"நாங்களும் சூடு காட்டித்தான் அடிக்கறோம் நைனா" என்றார் அவர் மிகுந்த மரியாதையோடு. "ஆனா நாங்க அடிச்சுடறோம்."

இப்பேர்ப்பட்ட மனுஷருக்குக் கல்யாண ஆசை வந்தது. அங்கேதான் என் நிம்மதி போயிற்று.

டொய்ங் சார் ஜைனர். செஞ்சிப் பக்கம் நயினார் குடும்பங்கள் தொன்றுதொட்டு உண்டு. நிலபுலம், வியாபாரம் என்று இருப்பவர்கள். பொழுது சாய்ந்தால் அவர்கள் வாயில் ஒரு பருக்கை போட மாட்டார்கள். எங்கள் ஊரில் அதிலும் ஒரு சங்கடம். மேற்கே ராஜகிரி மலை மதில் மாதிரி நிற்கிறது. மற்ற ஊர்களில் சூரியன் ஆற அமர இறங்கும். இங்கே சட்டென்று மலைக்குப் பின்னால் போய்விடும். டொய்ங் சார் சாயங்காலம் ஆபீஸை விட்டுச் சைக்கிளில் பறந்து வருவதைப் பார்த்தால் ஏதோ லைன் அறுந்துவிட்டது என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். சூரியன் மலையைத் தொடுவதற்குள் சோறு சாப்பிட்டாக வேண்டும், அந்த ஓட்டம் அது. அவர் வாழ்க்கையில் அவசரமாகச் செய்த ஒரே காரியம் சாப்பாடுதான்.

ஊரில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு நயினார் இருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். குத்தூசியை மூட்டையின் நடு வயிற்றில் செருகி, உள்ளேயிருந்து வருகிற கொட்டையை உடைத்துப் பார்த்துத்தான் பேசுவார். அவருக்கு ஒரு பெண், பெயர் பத்மா.

ஒரு நாள் பகலில் அந்த வீட்டில் பியூஸ் போயிற்று. ஆள் யாரும் இல்லாததால் டொய்ங் சாரே போனார். ஏணி மேல் நின்று வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ளே அந்தப் பெண் ஏதோ வேலை செய்தபடியே பாடிக்கொண்டிருந்தது கேட்டிருக்கிறது. அவர்கள் கோயிலில் பாடுகிற பாட்டு. இவர் பியூஸைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே நின்றுவிட்டார். பாட்டு நடுவில் இருக்கும்போது மண்டி நயினார் கீழேயிருந்து, "இன்னா தம்பி, கரண்டு வருமா வராதா?" என்று சத்தம் போட, உள்ளே பாட்டு நின்றுபோயிற்று.

அன்று மாடிக்கு வந்தவர் கிட்டாரைத் தொடவில்லை. "மீதி இன்னான்னு தெரியல சார்" என்றார். எதற்கு மீதி என்று கேட்டதற்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னார். முப்பது வயதைத் தாண்டிய மனுஷர், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கிட்டாரைத் திட்டின பாவத்துக்கெல்லாம் சேர்த்து, இவருக்கு இந்த இடம் அமைய வேண்டுமே என்று இருந்தது.

அவருக்கு இருந்த ஒரே உறவு அவலூர்பேட்டையில் ஓர் அக்கா. தம்பியை வளர்த்து ஆளாக்கியது அந்த அம்மாள்தான். ஜாதகம் பொருந்திற்று. போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோக்காரர் பூ ஜாடி, டெலிபோன் எல்லாம் எடுத்து வைத்தும் இவர் வேண்டாமென்று சொல்லி, தம் கிட்டாரை அணைத்தபடி நின்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். வினை அந்த போட்டோவில்தான் இருந்தது.

பெண் பார்க்க நாள் குறித்தார்கள். மத்தியானம் வந்துவிடுங்கள் என்று மண்டி நயினார் சொல்லி அனுப்பினார். கூடவே இன்னொரு சேதியும் தரகர் சொன்னார். மறுநாள் காலையில் திண்டிவனத்திலிருந்து ஒரு ரைஸ் மில்காரர் வீட்டார் வருகிறார்களாம். மண்டி நயினார் முதலில் வருகிறவர்களுக்கு முதல் மரியாதை தருகிறவர். இன்றைக்கு அமைந்தால் நாளைக்கு அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அமையாவிட்டால் ரைஸ் மில். டொய்ங் சார் அன்றைக்கு ஷேவ் செய்துகொள்ளும்போது கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ள நான்தான் போனேன். நானும் அவரும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், அவலூர்பேட்டை பஸ் வரவில்லை. நடுவழியில் டயர் வெடித்து, அக்கா பூவும் பழமுமாக வந்து இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. குதிரை வண்டி பிடித்து ஓடினோம். வண்டியில் என் காலடியில் ஏதோ இடித்தது. பார்த்தால் போர்வைச் சுருட்டு.

"இத எதுக்குடா தூக்கிக்கினு வந்த?" என்று அக்கா அலறினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றார்.

மண்டி நயினார் வீட்டுக் கூடம் மேற்குப் பார்த்தது. கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ராஜகிரியும் அதற்கு மேல் சூரியனும் நேராகத் தெரிந்தன. எனக்குக் கைக்கடிகாரமே தேவைப்படவில்லை. சமையலறையிலிருந்து நெய்யும் வாழைக்காய் பஜ்ஜியும் கலந்த வாசனை வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆனால் தட்டு வரவில்லை. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்து போனால் அந்த இடம் இல்லை என்று அர்த்தம். பொழுது சாய்ந்துவிட்டாலோ இந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்க முடியாது.

"பொழுதோட முடிச்சுடணும் சார்" என்று அக்கா என் காதில் சொன்னாள். "பொண்ணு வூட்லேர்ந்து வெறும் வயித்தோட திரும்புனா அதோட சரி. எங்க சனத்துல அதுக்கப்பறம் பேசவே மாட்டாங்க."

பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நிலைப்படி ஓரமாக நின்றது. அக்கா முறைப்படி, "பொண்ணு சும்மா ஒரு பாட்டு பாடட்டுமே" என்றாள். 'சும்மா' என்ற வார்த்தையைக் கேட்டதும் டொய்ங் சாரின் தோள் துள்ளியதை நான் பார்த்தேன்.

பெண் பாடியது. நல்ல குரல். இரண்டு வரி ஆனதும் அக்கா, "போதும் கண்ணு, போதும்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் அம்மாவிடம், "இந்த வெங்கலப் பானை எங்க வாங்கனீங்க?" என்று கேட்டாள். பெண்ணும் பழக்கப்பட்ட மாதிரி சட்டென்று நிறுத்திக்கொண்டது. எத்தனை வீட்டார் வந்து எத்தனை தடவை 'போதும்' என்று சொல்லியிருப்பார்களோ!

"மீதி?" என்று ஒரு குரல் கேட்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை பேசிவிட்டார்.

"டேய், இன்னாடா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"இல்லக்கா, மீதியும் பாடட்டும். அன்னிக்கும் பாதியிலதான் நின்னுபோச்சு."

பெண் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தியது. "என்னிக்கு?"

"பியூஸ் போட வந்தன்னிக்கு."

மண்டி நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண் பாட்டை எடுத்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து, நிதானமாக. டொய்ங் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. சூரியன் ராஜகிரியின் தலைக்கு மேல் ஒரு பனைமர உயரத்தில் நின்றது. அந்தப் பாட்டுக்கு இத்தனை சரணமா என்று எனக்கு வியர்த்தது.

பாட்டு முடிந்தது. முடிந்ததும் மண்டி நயினார் மடியிலிருந்து போட்டோவை எடுத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த கிட்டாரு யாருது?"

"என்னுதுங்க."

"போன வருசம் ஒருத்தரு மோட்டார் சைக்கிள் மேல சாஞ்சுக்கினு போட்டோ அனுப்பனாரு. நேர்ல பஸ்ல வந்து எறங்கறாரு. வண்டி எங்க தம்பின்னா, அது ஸ்டூடியோ வண்டியாம். உள்ள எஞ்சினே இல்லியாம். வண்டி இல்லன்னா இன்னா தம்பி, எங்கிட்டயும்தான் இல்ல. பொய்தான் ஆவாது." போட்டோவை விரலால் தட்டினார். "அத்தனால ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டிடுங்க. பெரிசா ஒண்ணும் வாணாம். சும்மா எதுனா."

குத்தூசி நடு வயிற்றில் இறங்கிவிட்டது. இந்த ஆள் தொடங்கினால் சூரியன் என்ன, சந்திரனே வந்து போய்விடும். தொடங்கினாலும் ஆரம்பத்தோடு நிறுத்திவிடுவார். ஒரு பாட்டுகூட முழுதாகத் தெரியாத கிட்டாருக்கும் எஞ்சின் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் மண்டி நயினார் என்ன வித்தியாசம் பார்க்கப் போகிறார்?

வண்டியிலிருந்து கிட்டாரை எடுத்துவந்து கொடுத்தேன். துணியால் துடைத்தார். காதை நாலு பக்கமும் திருப்பினார். முகம் வெளுத்தது.

"டிரான்ஸ்பார்மரு எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார்.

மண்டி நயினார் மிரண்டுவிட்டார். "அது தாலுக்கா ஆபீசாண்ட இருக்குது. ஏன் தம்பி?"

"ஒண்ணும் இல்லீங்க."

டொய்ங். அந்தச் சத்தத்தை அவ்வளவு தனியாக நான் கேட்டதே இல்லை. பிடித்துக்கொள்ளக் கொம்பு இல்லாத கொடி மாதிரி அது அலைந்தது. முடுக்கினார். டொய்ங். தளர்த்தினார். சூரியன் அரைப் பனைமரம் இறங்கிவிட்டது. பட்டென்று ஒரு சத்தம், பியூஸ் ஒயர் போயிற்று. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து வேறு ஒயர் எடுத்துக் கட்டினார். கம்பத்தின் உச்சியில் நின்று வேலை பார்க்கிற விரல்கள், அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட முடியாமல் தவித்தன. எழுந்துபோய் நானே கட்டிவிடலாமா என்று இருந்தது. சிரிப்பெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

டொய்ங். டொய்ங். மண்டி நயினார் மலையைப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார்.

அப்போது நிலைப்படியிலிருந்து, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

யாரும் முதலில் புரிந்துகொள்ளவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே, வாயைத் திறக்காமல், ஒரே சுருதியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் அம்மா, "ஏய், இன்னாடி இது?" என்று தொடையில் கிள்ளினாள். சுருதி அசையவில்லை. கவர்மெண்டு சுருதிகூட அவ்வளவு அசையாமல் நின்று நான் கேட்டதில்லை.

டொய்ங் சார் அதில் கம்பியை ஒட்டவைத்தார். ஒவ்வொன்றாக எல்லாம் சேர்ந்தன. நிமிர்ந்தார். வாசிக்க ஆரம்பித்தார். ரேடியோப் பாட்டு இல்லை, அந்தப் பெண் இப்போதுதான் பாடி முடித்த அதே பாட்டு. முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. அக்கா 'போதும்' என்ற அந்த இடம் வந்தது.

கையைத் தூக்கிவிட்டார்.

எனக்குத் தெரியும், அவருக்கு அது பழகிப்போன இடம். யாராவது பேசத் தொடங்குவார்கள் என்று காத்திருந்தார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அக்காகூடப் பானையைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னடா இது, ஒருத்தரும் பேச மாட்டேன் என்கிறார்களே என்று அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்று பெண் கேட்டது.

வழக்கமான 'அவ்ளோதான்' அவர் உதட்டு நுனிக்கு வந்தது. வந்ததை விழுங்கிவிட்டுக் கையை மறுபடி கம்பி மேல் வைத்தார். தேடித் தேடி வாசித்தார். ஒரு சொல்லுக்கு ஒரு சத்தம், அதில் பாதி தப்பு. தப்பு வருகிற இடத்தில் பெண் மெல்ல 'ம்ம்' என்று சரியான இடத்தைக் காட்டும். அவர் அங்கே போய்ச் சேருவார். இருட்டில் ஏணிப்படியைக் காலால் துழாவி இறங்குகிறவரைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. கடைசிச் சரணத்தின் கடைசிச் சொல்லில் அவர் வந்து நின்றபோது கூடம் இருண்டுவிட்டது. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விட்டது.

மண்டி நயினார் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டூடியோ கிட்டாரு இத்தன தப்பு பண்ணாது" என்றார். "இது தம்பியோடதுதான். எனக்கு சம்மதம்." பிறகு வாசலைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஆனா பொழுது போயிடுச்சே. கை நனைக்காம அனுப்பறாப்ல ஆயிடுச்சே!"

அக்கா அழத் தயாராகிவிட்டாள். நானும்தான், எனக்குப் பஜ்ஜிக் கவலையும் சேர்ந்திருந்தது.

"பொழுது இன்னும் போகல நைனா" என்றது பெண்.

"இன்னாம்மா சொல்ற? கண்ணு தெரியலியா? மலைக்கு அந்தாண்ட போயிடுச்சு."

"மலை மறைச்சுக்கினு இருக்குது, அவ்ளோதான். வெளிய வந்து பாருங்க. சந்திரகிரி உச்சியில இன்னும் வெயில் அடிக்குது."

பரம்பரையாக ராஜகிரியைப் பார்த்துச் சோற்றை மூடி வைத்த குடும்பம் அது. மண்டி நயினாரின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அதற்கு மேல் ஒரு நிமிஷம் பொறுத்ததில்லை. பெண் சொல்கிறதே என்று அவர் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதையும் மேலாகப் பார்த்து முடிவு செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாதே! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே இறங்கினோம். தெருவெல்லாம் நிழல். தெற்கே சந்திரகிரி மலையின் உச்சிப் பாறையில் மட்டும் மஞ்சள் வெயில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அவர் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். அடுத்த கணம் தெருவே அதிரக் கத்தினார்: "ஏய், தட்டப் போடுங்க! சீக்கிரம் சீக்கிரம்! வெயிலு ஏறிக்கினே போவுது!"

நான் என் வாழ்க்கையில் அப்படி ஓர் அவசரச் சிற்றுண்டி சாப்பிட்டதில்லை. வாசலில் மண்டி நயினார் நின்று மலையைப் பார்த்தபடி, "இன்னும் இருக்குது, சாப்டுங்க, இன்னும் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருக்க, உள்ளே நாங்கள் விழுங்கினோம். பஜ்ஜி கொதித்தது. நாக்கு வெந்து போயிற்று. டொய்ங் சார் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு நிலைப்படியைப் பார்த்தார். நிலைப்படி அவரைப் பார்த்துச் சிரித்தது. திண்டிவனத்து ரைஸ் மில்லுக்கு அன்றே ஆள் போயிற்று.

கல்யாணம் நடந்தது. எனக்கு மாற்றல் வந்து ஊர் ஊராகப் போய்விட்டேன். ரிடையர் ஆகிக் கொஞ்ச காலம் கழித்து ஒரு வேலையாகச் செஞ்சிக்குப் போனபோது அவர் வீட்டைத் தேடிப் போனேன். தலை வெளுத்திருந்தது. கிட்டார் சுவரில் தொங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போது, பழைய புத்தி எங்கே போகும், வாய் தவறிவிட்டது.

"டொய்ங் சார், சும்மா எதுனா வாசிங்களேன்."

சொன்ன பிறகுதான் எனக்குப் பஸ் ஞாபகம் வந்தது. பத்மாம்மா எதுவும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள். ரேடியோவை நிறுத்தினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ம்ம்ம்" என்றாள். அவர் தட்டினார். டொய்ங்.

அந்தப் பாட்டைத்தான் வாசித்தார், அதே கோயில் பாட்டு. நான் பஸ்ஸை விட்டுவிட்டு, வாயைத் திறக்காமல், கடைசிச் சரணம் வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்குக் கூடத்தில் எந்தெந்த இடத்தில் தடுமாறினாரோ, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே இடங்களில் தடுமாறினார். ஒவ்வொரு இடத்திலும் அந்த அம்மாள் 'ம்ம்' என்று சொல்வதற்காக, பாவி மனுஷன், ஒரு தப்பைக்கூடத் திருத்திக்கொள்ளவில்லை.